ராணிக்காக அழுதவள்

மைக் முன்னால் போய் நிற்பதற்கு முன், சத்தம் போடக்கூடிய எல்லாவற்றையும் அவள் உடம்பிலிருந்து கழற்றிவிடுவாள். முதலில் வளையல்கள். பிறகு கைக்கடிகாரம், அதன் டிக்டிக்கை மனிதக் காது விட்டாலும் மைக் விடாது. இடுப்பில் செருகிய சாவிக்கொத்து, காதில் ஆடும் தோடு, கடைசியாகச் செருப்பு. செருப்பைத் தவிர மற்றதையெல்லாம் ஜன்னல் விளிம்பில் விரித்த கைக்குட்டையின் மேல் வரிசையாக வைப்பாள். அப்புறம் ஒரே ஒரு பிஸ்கட். பசிக்காக அல்ல, வயிற்றைச் சும்மா இருக்கச் சொல்வதற்காக. ராணி ஒருத்தி கணவனின் காலடியில் உருகிக்கொண்டிருக்கும்போது வயிறு கடமுடவென்று உருண்டால் காட்சியே போயிற்று. இரண்டு மடக்கு வெந்நீர். இரண்டு விரலால் தொண்டைக்குழியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவரைப் பார்த்துத் தலையாட்டுவாள். சிவப்பு விளக்கு எரியும். அவள் அழ ஆரம்பிப்பாள்.

புதுத்துணியும் அவள் உடுத்துவதில்லை, சரசரக்கும் என்று. பத்துத் தடவை துவைத்து நைந்துபோன பருத்திதான். விசேஷ வீடுகளுக்குப் புதிதாக எதையாவது உடுத்திப் போக நேர்ந்தால், தான் நடப்பது ஊருக்கே கேட்கிறதோ என்று கூசிக் கூசி நடப்பாள்.

ஸ்டூடியோவில் அவளுக்குக் கண்ணீரக்கா என்று பெயர். தொலைக்காட்சியில் வரும் சரித்திரத் தொடர்களின் ராணிகளுக்கும் இளவரசிகளுக்கும் குரல் கொடுப்பது அவள் வேலை. படப்பிடிப்பில் நடிகை வாயசைத்துவிட்டுப் போய்விடுவாள். ஒரு வாரம் கழித்து, ஒரு காலணிக் கடைக்கு மேல்மாடியில் இருந்த டப்பிங் அறையில், திரையில் ஓடும் அந்த வாயைப் பார்த்துக்கொண்டே இவள் பேசுவாள். பேசியதைவிட அழுததுதான் அதிகம்.

அழுவதற்கென்று யாரும் அவளை வேலைக்கு எடுக்கவில்லை. வசனம் தட்டச்சு செய்கிற பெண்ணாகத்தான் வந்தாள். ஒரு நாள் ராணிக்குப் பேசுகிறவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பக்கத்து அறையில் தட்டிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, நாலு வரிதானே, சும்மா படித்துவிட்டுப் போ என்றார்கள். நாலு வரியில் இரண்டு வரி அழுகை. அழுது முடித்து நிமிர்ந்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் அண்ணன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். அவருக்கு அன்றைக்கு ஜலதோஷம் என்பது பிற்பாடுதான் தெரியவந்தது. அதற்குள் அவளுக்குப் பெயர் நிலைத்துவிட்டது.

அந்த அறையை நினைக்கும்போதெல்லாம் முதலில் வாசனைதான் வரும். சுவரெங்கும் ஒட்டியிருந்த பழைய ஸ்பாஞ்சின் வாசனை, கீழேயிருந்து மரப்படி ஏறி வரும் புதுத்தோலின் வாசனை. குளிர்சாதனப் பெட்டி ஒன்று இருந்தது. ஆனால் அது உறுமும் என்பதால் பதிவு நடக்கும்போது அணைத்துவிடுவார்கள். பனி கொட்டும் மலைக்கோட்டையில் இளவரசி நடுங்குகிறாள் என்று வசனத் தாளில் இருக்கும். முதுகில் வியர்வை ஓட ஓட நடுங்குவாள். இரண்டு டேக்குக்கு நடுவில் பெட்டியைப் போட்டதும், அறையில் இருக்கிற எல்லோரும் ஓடிப்போய் அதன் வாயில் முகத்தை நீட்டுவார்கள். மகாராஜா, சேனாதிபதி, பட்டத்து ராணி, விஷம் வைக்கிறவள், எல்லாரும் ஒரே வரிசையில்.

விஷம் வைக்கிறவள்தான் அவளுடைய சிநேகிதி. இரண்டாவது ராணி, பேராசை பிடித்த அத்தை, மந்திரியின் மனைவி, இவர்களுக்கெல்லாம் அவள்தான் குரல். எல்லாரும் அவளை வில்லி என்றே கூப்பிட்டார்கள், அவள் மகன் உட்பட. அவள் சிரிப்பு மாடிப்படியில் தொடங்கினால் கீழே காலணி போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஒரு காலோடு நின்றுவிடுவார்கள். ஆனால் உண்மையில் ஊரிலேயே பெரிய அழுமூஞ்சி அவள்தான். கடையின் கண்ணாடிப் பெட்டியில் ஒற்றைக் காலணியைக் காட்சிக்கு வைத்திருப்பதைப் பார்த்து, இதோட ஜோடி எங்கேடி என்று கண் கலங்கியவள். பேருந்தில் யாராவது யாருக்காவது இடம் விட்டால் அழுவாள். பன்னிரண்டு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே ஃப்ளாஸ்க்கில் வெந்நீர் குடித்தார்கள். அழுகிற வேலை பார்ப்பவளுக்குச் சொந்தத்தில் லேசில் அழுகை வராது. கெடுதல் செய்கிற வேலை பார்ப்பவளால் ஒரு ஈயைக்கூடத் துரத்த முடியாது. கடவுள் தாளை மாற்றிக் கொடுத்துவிட்டார் என்பார் சவுண்ட் அண்ணன்.

கண்ணீரக்காவின் வாழ்க்கையில் பாதி வேடிக்கை வீட்டில் நடந்தது. கல்யாணமாகிப் புதுக் குடியிருப்புக்கு வந்த புதிதில், காலையில் கணவர் குளிக்கப் போனதும் சமையலறையில் நின்று தொண்டையைப் பழக்கிக்கொள்வாள். ஐந்து நிமிஷம் விசும்பல், மூன்று நிமிஷம் கதறல், பிறகு அடுப்பில் பால். கணவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். எறும்பு வரிசையைத் தாண்டும்போதுகூட வழிவிட்டுத் தாண்டுகிற மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிவீட்டு அக்கா தன் கணவரையும் அண்ணனையும் கூட்டிக்கொண்டு வந்து வாத்தியாரை உட்காரவைத்துப் புத்தி சொன்னாள். படித்தவர் நீங்களே இப்படிச் செய்யலாமா, தினம் ஏழு மணிக்கு அந்தப் பெண் கதறுவது எங்களுக்குக் கேட்காதா என்றாள். அது அவளுடைய வேலைக்காக என்று அவர் திக்கித் திணறிச் சொன்னார்.

“வேலைக்கு யாராவது அழுவாங்களா? வேலைக்குப் போய்த்தான் அழுவாங்க,” என்றாள் மாடிவீட்டு அக்கா.

உள்ளேயிருந்து வந்தவள் நடு அறையில் நின்று, தோட்டத்தில் காத்திருந்து ஏமாந்த இளவரசியின் அழுகையை அழுது காட்டினாள். மாடிவீட்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றிலிருந்து மூன்று நாளுக்கு ஒரு தடவை படியிறங்கி வந்து, அந்த ராணி பிழைப்பாளா, குழந்தை ஆணா என்று ரகசியமாகக் கேட்டுப்போவாள். வாத்தியார் மேல் மட்டும் அவளுக்குக் கடைசிவரை முழுதாக நம்பிக்கை வரவில்லை.

மகள் வளர்ந்தது அந்த அழுகைகளுக்கு நடுவில்தான். நாலு வயதில் கட்டிலுக்குப் பதிலாக டப்பிங் அறைக்கு வெளியே நாற்காலியில் தூங்கினாள். ஏழு வயதில் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். இந்த ராணி எப்போம்மா சாப்பிடுவா? நகையோட தூங்கினா காது வலிக்காதா? மை ஏன் கலையவே மாட்டேங்குது? கடைசியாக ஒரு நாள், தாளைப் படித்துக்கொண்டிருந்தவளின் முழங்கையில் மோவாயை வைத்துக்கொண்டு, இந்த ராணிங்கல்லாம் என்ன வேலை பார்க்கிறாங்க என்றாள்.

அன்றிலிருந்து அவள் தன் கையில் வரும் தாள்களை வேறு மாதிரி படிக்க ஆரம்பித்தாள். ஆண்களின் வசனத்துக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கர்ஜிக்கிறான், யோசிக்கிறான், வாளை எடுக்கிறான் என்று இருந்தது. பெண்களுக்கு அழுகிறாள், விம்முகிறாள், தலைகுனிகிறாள், பெருமூச்சு விடுகிறாள். ராணி யோசிக்கிறாள் என்று ஒரே ஒரு தடவை வந்தது. அது அச்சுப் பிழை; ராஜா என்று இருந்திருக்க வேண்டியது. வில்லியின் தாள்களில்தான் பெண்கள் யோசித்தார்கள். கணக்குப் போட்டார்கள், கடிதம் எழுதினார்கள், எதிரி எந்த வழியாக வருவான் என்று தெரிந்துவைத்திருந்தார்கள். கடைசியில் செத்தும் போனார்கள். பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் தாள்களை மாற்றிப் படித்துப் பார்ப்பார்கள். உங்காளுக்கு மூளை இருக்குடி, எங்காளுக்குக் கண்ணுதான் இருக்கு என்பாள் இவள். மூளை இருந்து என்ன பண்ண, அடுத்த வாரம் கிணத்துல தள்ளிடுறாங்களே என்று சொல்லும்போதே வில்லிக்குக் கண் நிறைந்துவிடும்.

அந்தத் தாள்களில் நாற்பது தோழிகள் சூழ நடக்கும் ராணிக்கு ஒரு தோழியின் பெயரும் தெரியாது. தண்ணீர் யார் கொண்டுவந்தார்கள், விளக்கை யார் ஏற்றினார்கள், குழந்தைக்கு யார் பால் கொடுத்தார்கள், எதுவும் தெரியாது. டப்பிங் இன்சார்ஜ் நல்ல மனிதர், சத்தம் போட்டுப் பேசாதவர். ஆனால் குரலை இன்னும் சின்னதாக்கு, இன்னும் பெண் மாதிரி பேசு என்று சொல்லிக்கொண்டே இருப்பார். குதிரையில் ஏறிப் போருக்குப் போகும் ராணிக்கு, கத்தும்மா, ஆனா இனிமையா கத்து என்றவர் அவர். அந்த ராணி போரில் ஜெயித்தாள். ஜெயித்த கையோடு அழுகிறாள் என்று இருந்தது. ஜெயித்ததற்கு எதற்கு அழ வேண்டும் என்று கேட்டதற்கு, ஆனந்தக் கண்ணீர் என்றார். அதே தொடரில் ராஜா ஜெயித்த அன்றைக்கு ஆனந்தச் சிரிப்புத்தான் சிரித்தார் என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஆனாலும் அழுதாள். நன்றாகவே அழுதாள். வேலையில் குறை வைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

இதற்கிடையில் சவுண்ட் அண்ணன் அவளுடைய அழுகைகளைச் சேமித்துவைக்க ஆரம்பித்திருந்தார். அவசரத்துக்கு, அவளைக் கூப்பிடாமலேயே வைத்துக்கொள்ளலாம் என்று. மொத்தம் ஏழு. ஒன்று, வெறும் விசும்பல். இரண்டு, அடக்கி அடக்கி உடைவது. மூன்று, வெடித்துக் கதறுவது. நாலு, வாயில் துணியை வைத்துக்கொண்டு. ஆறு, மூடிய கதவுக்குப் பின்னால். ஏழு, தூக்கத்தில். ஐந்து என்னவென்று யாருக்கும் நினைவில்லை, தேவைப்பட்டதும் இல்லை. இரண்டாம் நம்பரும் மூன்றாம் நம்பரும்தான் ஓய்வில்லாமல் ஓடின. அவள் வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருக்கும்போது, பக்கத்துவீட்டுத் தொலைக்காட்சியில் அவளே வேறொரு தொடரில், வேறொரு ராணியாக அழுதுகொண்டிருப்பாள். முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒருத்தி வேலைக்குப் போகாத அன்றும் அவளுடைய அழுகை வேலைக்குப் போய்விடுகிறதே என்று கணவரிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அப்பா இறந்த அன்று அந்தச் சிரிப்பு போனது. ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். சின்ன வயதில் அவளைத் தோளில் உட்காரவைத்து, வரும் ரயிலின் சத்தத்தை வைத்தே எத்தனை பெட்டி என்று சொல்லப் பழக்கியவர். மருத்துவமனையின் நீண்ட நடைவழியில், வெளிர்பச்சைச் சுவரில் சாய்ந்து நின்று அவள் அழுதாள். இரண்டு மூச்சு அடக்கல், ஓர் உடைசல், மறுபடி ஓர் அடக்கல். நடுவில் திடுக்கென்று அவளுக்கே கேட்டது. அது இரண்டாம் நம்பர். அப்படியே நிறுத்திவிட்டாள். வேறு மாதிரி அழ முயன்றாள். வந்தது மூன்றாம் நம்பர். பக்கத்தில் நின்ற பெரியம்மா யாரிடமோ, பாவம், எவ்வளவு அழகா அழறா பாரு, டிவியில வர்ற மாதிரியே இருக்கு என்றாள். அதற்குப் பிறகு மைக்குக்கு வெளியே அவள் அழவில்லை. அப்பாவுக்காக அழுவதற்கென்று அவளிடம் ஒன்றும் மிச்சமில்லாமல் போயிற்று. இதை வில்லியிடம் மட்டும் சொன்னாள். அவளுக்கும் சேர்த்து வில்லி அழுதாள்.

அடுத்த வருஷம்தான் அந்த முத்திரை மோதிரக் காட்சி வந்தது.

நாலு வருஷமாக ஓடிக்கொண்டிருந்த தொடர். ராணியாக நடித்தது ஒரு சின்னப் பெண். அந்த முகத்தை இவள் நேரில் ஒரு தடவையும் பார்த்ததில்லை. ஆனால் கீழுதட்டின் இடது ஓரம் எந்த வார்த்தைக்கு முன்னால் துடிக்கும் என்பதுவரை அத்துப்படி. நாலு வருஷம் ஒரு வாயையே பார்த்துக்கொண்டிருந்தால், பெற்ற தாயைவிட நன்றாகத் தெரிந்துவிடும். அந்தக் காட்சியில் ராஜா போரில் இறந்துவிட்டான். மந்திரிகள் வரிசையாக வந்து நிற்கிறார்கள். முத்திரை மோதிரத்தைக் கொடுத்தால் ராஜாவின் தம்பி கையில் சேர்த்துவிடுவார்கள், ராணி போய் ஓய்வெடுக்கலாம். ராணி மோதிரத்தை எடுத்துப் பார்க்கிறாள். “இது என் விரலுக்கும் சரியாகத்தான் இருக்கிறது” என்கிறாள். மந்திரிகள் தலை வணங்கிப் போகிறார்கள். கேமரா அவள் முகத்திலேயே நிற்கிறது. பிறகு அவள் திரும்பி ஜன்னலைப் பார்க்கிறாள். முதுகு மட்டும் தெரிகிறது. தாளில் அடைப்புக்குறிக்குள் அழுகிறாள் என்று இருந்தது.

திரையில் அந்தப் பெண் அழவில்லை. கண் காய்ந்திருந்தது. தாடை இறுகியிருந்தது. கீழுதட்டின் ஓரம் துடிக்கவே இல்லை. முகத்தில் துக்கம் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்து நின்றுகொண்டிருந்தது, கதவைத் திறக்க எழுந்தவளைப் போல. இவள் ஹெட்போனை இறக்கிவிட்டு அந்தத் துண்டை மூன்று தடவை ஓட்டச் சொன்னாள். வசனத்தை ஒரே டேக்கில் பேசினாள். குரலைச் சின்னதாக்கவில்லை. ராணி திரும்பும் இடத்தில் ஒரு மூச்சு விட்டாள், அவ்வளவுதான்.

இன்சார்ஜ் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, அழுகையை விட்டுட்டியேம்மா என்றார். படத்தில் அவள் அழவில்லையே என்றாள் இவள். அதனால்தான் முதுகு இருக்கு என்றார் அவர். முகம் தெரியாத இடத்தில் யார் வேண்டுமானாலும் அழலாம். டப்பிங் தொழிலில் முதல் நாளே கற்றுக்கொடுப்பது அது. படப்பிடிப்பில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்ததால் இன்னொரு டேக் எடுக்க முடியவில்லையாம். சேனல்காரர்கள் பார்த்துவிட்டு, டப்பிங்கில் அழுகையைச் சேர்த்துவிடச் சொல்லிவிட்டார்களாம். புருஷன் செத்து அழாதவளை ஜனங்கள் எப்படி மதிப்பார்கள் என்றார்.

“மதிக்க வேண்டாம் சார். பயப்படட்டும்.”

இன்சார்ஜ் சிரித்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த சேனாதிபதியும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“அவ இன்னிக்குத்தான் சார் வேலைக்குச் சேர்ந்திருக்கா. சேர்ந்த முதல் நாளே எதுக்கு அழணும்?”

வில்லி ஃப்ளாஸ்க்கின் மூடியை இறுக்கிக்கொண்டே இருந்தாள், அது இறுகிவிட்ட பிறகும். இன்சார்ஜ் நயமாகத்தான் சொல்லிப் பார்த்தார். நாலு விநாடி, நாலே விநாடி. எத்தனை வருஷமாக அழுகிறாய், இந்த ஒன்றில் என்ன வந்துவிட்டது. அவளுக்கும் அதை விளக்கத் தெரியவில்லை. அப்பாவின் நடைவழியைப் பற்றி இவர்களிடம் என்ன சொல்வது. கடைசியில், எனக்கு வராது சார் என்றாள். கண்ணீரக்காவுக்கு அழுகை வராது என்றால் யார் நம்புவார்கள்? பிடிவாதம் என்றுதான் எடுத்துக்கொண்டார். நீ அழாவிட்டால் என்ன, ஸ்டாக்கில் ஏழு இருக்கிறது என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அவள் நேராகச் சவுண்ட் அண்ணனிடம் போனாள். வேறு எந்த ராணிக்கு வேண்டுமானாலும் வையுங்கள், இவளுக்கு என்னுடைய அழுகையை வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் அவரிடம் கேட்ட முதல் உதவி. அவர் நாற்காலியில் கொஞ்ச நேரம் இப்படியும் அப்படியும் திரும்பினார். அவளுடைய அழுகைகளை எண்கள் எழுதி அடுக்கிய பெட்டியைப் பார்த்தார். பிறகு, உன்னோடது வராதும்மா, என் பேர்ல நம்பிக்கை வை என்றார். வளையல்களையும் சாவியையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அன்றைக்குப் போல அவள் கால் தரையில் பாவாமல் நடந்ததில்லை.

ஒளிபரப்பான அன்று சாயங்காலம் வீடே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தது. கணவர் விடைத்தாள் திருத்துவதை நிறுத்திவிட்டார். மாடிவீட்டு அக்கா நாற்காலியோடு இறங்கி வந்திருந்தாள். மந்திரிகள் வந்தார்கள். மோதிரம் விரலில் ஏறியது. இவளுடைய குரல், அந்தப் பெண்ணின் முகம், இரண்டும் தையல் தெரியாமல் ஒட்டியிருந்தன. மந்திரிகள் போனார்கள். ராணி திரும்பினாள்.

அழுகை கேட்டது.

ஒன்றாம் நம்பரோ இரண்டாம் நம்பரோ இல்லை. கட்டுப்பாடில்லாத, மூக்கால் உறிஞ்சிக்கொண்டு வந்த, நடுவில் மூச்சு இடறி விழுந்த ஓர் அழுகை. எந்த டேக்கிலும் அவள் அப்படி அழுததில்லை. மகள் சட்டென்று திரும்பி, அம்மா, இது நீ இல்லையே என்றாள். இவளுக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட மூச்சு அது. வில்லியினுடையது. மாடிவீட்டு அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்ன இருந்தாலும் பொம்பளை மனசுதானே, எத்தனை நேரம்தான் தாங்குவா என்றாள். இவள் எழுந்து போய் அடுப்பில் ஒன்றுமில்லாத பாத்திரத்தைக் கிளறிக்கொண்டு நின்றாள்.

அதற்கப்புறம் ராணிக்குப் பேச அவளைக் கூப்பிடவில்லை. சண்டையெல்லாம் ஒன்றுமில்லை. ஒரு வாரம் கூப்பிடவில்லை, அடுத்த வாரமும் கூப்பிடவில்லை, பிறகு வேறொரு பெண்ணின் குரலில் ராணி பேச ஆரம்பித்தாள். இரண்டே மாதத்தில் மோதிரத்தைத் தானாகவே கழற்றிக் கொழுந்தனிடம் கொடுத்துவிட்டாள். கண்ணீரக்கா வேறொரு ஸ்டூடியோவுக்குப் போய்க் குழந்தைகளின் படங்களில் அணில் ஒன்றுக்குக் குரல் கொடுத்தாள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக எந்த வேலையும் செய்ததில்லை என்பாள். அந்த அணில் நாள் முழுக்க ஓடும், மரம் ஏறும், திருடும், பொய் சொல்லும், எல்லாரையும் அதட்டும். ஆறு வருஷத்தில் அணில் ஒரு தடவைகூட அழவில்லை. அதன் தாளில் அடைப்புக்குறிக்குள், யோசிக்கிறது என்று அடிக்கடி வரும்.

வில்லி மூன்று தடவை தொலைபேசியில் கூப்பிட்டாள், இவள் எடுக்கவில்லை. நாலாவது தடவை வீட்டுக்கே வந்தாள். இவள் டீ கொடுத்தாள். வெயிலைப் பற்றிப் பேசினார்கள், மகனின் படிப்பைப் பற்றிப் பேசினார்கள். வில்லி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னா என்று ஆரம்பித்தாள்.

“விடுடி. வேலைதானே,” என்றாள் இவள்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் ஒருவேளை பேச்சு நடந்திருக்கும். கடைக்காரர்கள் பாதிக் கதவை இறக்கிவைத்துக்கொண்டு பதில் சொல்வார்களே, அப்படிச் சொன்னாள். வில்லி அழுதாள். இதோ, இப்போதும் அழுகிறாள், எங்கே வேண்டுமானாலும் அழுவாள், அவளுக்கென்ன என்று நினைத்தபடி இவள் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். அந்த நினைப்பை எத்தனையோ வருஷம் கழித்தும் அவளால் முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

காலம் அதன் போக்கில் போயிற்று. மகள் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த முதல் நாள் அம்மாவைக் கூப்பிட்டு, அழலைம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். வாத்தியார் ஓய்வு பெற்றார். வில்லி மகனோடு வெளிநாட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் பூத்தொட்டியின் படம் ஒன்றை அனுப்புவாள். இவள் பதிலுக்குக் கட்டை விரல் ஒன்றை அனுப்புவாள். அதற்கு மேல் இரண்டு பேரும் ஒன்றும் எழுதுவதில்லை. ஆனால் பழைய பேச்சு வந்தால் அவள் சொல்வதெல்லாம் அந்த அறையைப் பற்றித்தான். ஸ்பாஞ்ச் வாசனை, ஒரே ஃப்ளாஸ்க், படியில் தொடங்கும் சிரிப்பு. ராணிகளை அவ்வளவாக நினைப்பதில்லை. குளிர்சாதனப் பெட்டியின் வாயில் முகத்தை நீட்டிக்கொண்டு, அடுத்த வாரம் கிணற்றில் விழப்போகிறவளும் அவளைத் தள்ளப்போகிறவளும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றதை நினைப்பாள். அன்றைக்கு உள்ள காற்று வேறு என்பாள்.

சென்ற மழைக்காலத்தில், பேருந்து நிறுத்தத்தின் கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்றபோது, பக்கத்தில் நின்ற வழுக்கைத் தலைக்காரர் அவள் பேச்சைக் கேட்டுத் திரும்பினார். சவுண்ட் அண்ணன். ஹெட்போன் இல்லாமல் அவரை அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். சொன்ன சொல்லைக் காப்பாத்தினேனா இல்லையா, உன்னோடதை வைக்கலையே என்றார் அவர். ஆமாம், வில்லியை அழவைத்தீர்கள் என்றாள். வில்லி உன்கிட்டச் சொல்லலையா என்றார் அவர்.

அன்றைக்கு இவள் படியிறங்கிய பிறகு, ஸ்டாக்கில் இருந்ததை எடுக்க அவர் மறுத்ததும், இன்சார்ஜ் வில்லியைத்தான் மைக் முன்னால் நிறுத்தியிருக்கிறார். வில்லி, முடியாது சார், அவ அழ மாட்டேன்னு சொன்ன இடத்துல நான் எப்படி சார் அழுவேன், இந்த ஒருத்தியையாவது அழாம விட்டுடுங்க சார் என்று கெஞ்சியிருக்கிறாள். கெஞ்சும்போதே அவளுக்கு வழக்கம்போல உடைந்துவிட்டது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் சொன்ன வார்த்தைகளை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சம் இருந்த நாலு விநாடியைத்தான் ராணியின் முதுகுக்கு வைத்தார்கள்.